மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிருக்கிறது. நான் வாசலில் குத்தவைத்துப் பாசி சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அறுபத்து நாலு வயதில் எனக்கு இது தேவைதான்.

முப்பத்திரண்டு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவன் நான். அன்றன்று நடந்த வேலையை அன்றன்றே எழுதிப் பழகிய கை. எழுதி வைத்தால் இதுவும் ஒழுங்காக முடியும் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

வேலை இதுதான். கேட்டுக்கு உள்ளே படி வரைக்கும், வெளியே தார் ரோடு வரைக்கும், சுமார் முந்நூறு சதுர அடிக்குப் பேவர் கல். போன வருஷம் அதன் மேல் நானே சீலர் பூச்சு அடித்தேன். கல்லுக்குள் தண்ணீர் இறங்காது, நிறம் மங்காது. தெருவில் வேறு எந்த வாசலும் அப்படி மின்னியதில்லை. போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை இரண்டாம் தேதி மழையில் கேட்டைத் திறக்க வந்த சுலோச்சனா அதில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கேயே மகள் தாரணி வீட்டில் இருக்கிறாள். விழுந்ததற்குக் காரணம் பாசி. பொள்ளாச்சி மழையில் எங்கேதான் பாசி பிடிக்காது? பக்கத்து வீட்டுப் பலாமரம் வேறு வாசலில் ஒரு பொட்டு வெயில் விழ விடுவதில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் தாரணிக்குப் போன் செய்தேன்.

"வாசலச் சரி பண்ணுங்கப்பா. ஆவணி பொறந்து மொத ஞாயித்துக்கிழமை கூட்டியாந்து காட்டறேன். அம்மாளுக்கு நம்பிக்கை வந்தா அங்க இருக்கும். இல்லீனா இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லுது."

"இங்கயேன்னா? எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் சொல்லலீங்கப்பா."

போனைச் சுலோச்சனாவிடம் கொடுக்கச் சொன்னேன். "அம்மா தூங்குதுங்கப்பா" என்றாள். மாத்திரை அசதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

தண்ணீரைப் பீய்ச்சும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். பாசி போய்விட்டது. கூடவே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த மணலும் கிளம்பிப் போய்விட்டது. பாதி சாக்கடையில், பாதி சுவரில், மீதி என் பனியனில். கல்லெல்லாம் ஆடுகின்றன. மிதித்தால் பல்லைக் கடிப்பது போலச் சத்தம். ரோடு போட்டவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று யாராவது கேட்டால் அறைந்துவிடுவேன். நல்லவேளையாக வீட்டில் கேட்க ஆள் இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மாசிலாமணியை வரச்சொன்னேன். ஆறு வருஷம் முன்னால் இந்தக் கல்லைப் பதித்தவன். மணலைச் சலித்து, காயவைத்து, தென்னந்துடைப்பத்தால் இடுக்கில் தள்ளித் தள்ளி இறக்கினோம். இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு.

கிளம்பும்போது கேட்டான்.

"மேலுக்கு என்ன சார் அடிக்கப் போறீங்க?"

"போன வருஷம் வாங்குனதுல ஒரு டின் மீதி இருக்குது."

"அந்தப் பளபளப்பா? மொதல்ல பழசச் சுத்தமா எடுத்துப்போடலாங்க. அப்புறம் மங்கலா ஒண்ணு வருது, கல்லு உள்ளயே குடிச்சுக்கும். மேல ஆடை கட்டாது."

"பாசிதான்ப்பா பிரச்சனை. பளபளப்பு என்ன பண்ணுச்சு?"

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் வேலையைப் பெரிதாக்கத்தான் தெரிகிறது.

சாயங்காலம் தாரணிக்குப் போன். அம்மா தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

இரண்டு நாளாகத் தூறல் இல்லை. கல் காய்ந்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் ஒரு கை அடித்து முடித்தேன். முதுகு போய்விட்டது. ஆனால் என்ன ஒரு மினுக்கம்! பலாமரம் தலைகீழாகத் தெரிகிறது. டின்னில் எழுதியிருக்கிறது: மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

வானம் ஒன்றும் செய்யவில்லை. நாச்சம்மாள் செய்துவிட்டாள்.

எங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள். பதினோரு வருஷமாக விடிகாலையில் வந்து, பெருக்கி, ஒரு பக்கெட் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டுவாள். இன்றைக்கும் அப்படியே செய்திருக்கிறாள். நான் எழுந்து வந்து பார்த்தபோது வாசல் முழுக்க மோர் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. நடுவில் இவள் போட்ட ஐந்து புள்ளிக் கோலம் வேறு அப்படியே பதிந்து கிடக்கிறது.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சொல்லிருக்கோணுமில்லீங்க?" என்றாள். "அக்கா இருந்தப்ப ஒரு நாளாச்சும் இந்த வாசல் வறண்டு கெடந்துச்சுங்களா?"

"அக்கா இருந்தப்ப, அக்கா இருந்தப்பன்னு சொல்லாத. அக்கா இருக்கறா."

"அதத்தானுங்க நானும் சொல்றேன். இருக்கற ஊட்டு வாசல்னா தெளிக்கோணும்."

பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்யாமல் போய்விட்டாள். மதியம் பழைய தோசையைச் சாப்பிட்டேன்.

அவளிடம் நான் சொல்லவில்லை என்பது உண்மைதான். சுலோச்சனா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் சின்னத் தூறல். பேப்பர் எடுக்கப் போனேன். வழுக்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

பாசி இல்லை. பாசியைத்தான் வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டேனே.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மாசிலாமணிக்கு நானே போன் செய்தேன். வந்தான். வெள்ளை பூத்த வாசலைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் போல. பூச்சைக் கரைக்கும் தின்னர் கேனைத் திறந்து, பழந்துணியில் ஊற்றி, ஒவ்வொரு கல்லாகப் போட்டு ஊறவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தான். நானும் இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. ஒரு கல்லுக்கு நாலு நிமிஷம் ஆகிறது.

பத்து மணி வாக்கில் அவன்தான் ஆரம்பித்தான்.

"போன வருசமே சொன்னேனுங்க சார். வெளி வாசலுக்கு இந்தக் கண்ணாடி ஆடை ஆகாதுன்னு."

"சொன்னியா?"

"சொன்னேனுங்க. அம்மாவும் சொன்னாங்க. காப்பி குடுக்க வந்தவங்க, கோலமாவே இதுல நிக்கறதில்ல, கால் எப்படி நிக்கும்னு கேட்டாங்க. நீங்க சிரிச்சீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லப்பா."

ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

இன்னும் பாதி வாசல் தேய்த்தாகவில்லை. மதியம் தூறியது. நாலு கல்லைக்கூட ஒழுங்காக முடிக்க விடாத மழை. தார்ப்பாயை இழுத்து மூடினோம். காற்றடித்துத் தூக்கிக்கொண்டு போனது. திரும்ப இழுத்து மூடினோம். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மாசிலாமணி தன் தேங்காய் எண்ணெய் டப்பாவை நீட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் சாப்பிடப் போன பிறகு எடுத்துத் தடவிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சாயங்காலம் கடைசிக் கல்லும் முடிந்தது. பூச்சு உரிந்த வாசல் சாம்பல் பூத்துப் பரிதாபமாகக் கிடக்கிறது.

தேய்த்துக்கொண்டே இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. எழுதி விடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

போன வருஷம் மழை ஆரம்பித்ததும் சுலோச்சனா கேட்டிலிருந்து படி வரைக்கும் கோணிப்பையை விரித்துப் போட்டாள். அதன் மேல் நடந்துதான் போய்வருவாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு மினுக்கி வைத்த வாசலில் ரேஷன் கடை மாதிரி கோணியா? சுருட்டிக்கொண்டு போய் விறகு ஷெட்டில் போட்டேன். அவள் மறுபடி எடுத்து வந்து விரித்தாள். நான் மறுபடி சுருட்டினேன். மூன்றாம் தடவை ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்தாள். எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. "ரொம்பத்தான் பண்ற" என்றுகூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

நேற்றும் இன்றும் நல்ல வெயில். மங்கல் சீலரில் சன்ன மணல் தூளைக் கலந்து மாசிலாமணியும் நானும் காலையிலேயே ரோலரால் உருட்டிவிட்டோம். மினுக்கம் இல்லை. ஒன்றுமே அடிக்காதது போல இருக்கிறது. கையால் தடவினால் சொரசொரப்பு.

இதற்கும் மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. இந்த முறை விடுவேனா? நாச்சம்மாளின் வீட்டுக்கே நேரில் போய்ச் சொன்னேன்: தெளிக்காதே, பெருக்காதே, கோலம் கிட்டேயே போகாதே. சம்மதித்தாள், முகம் கொடுக்காமல். கேட்டைப் பூட்டினேன். வெளியே இருக்கிற கல்லை யாரும் மிதிக்காதபடி குறுக்கே கயிறு கட்டினேன். அதையும் தாண்டி வருவார்கள் என்று, ரோட்டோரமாக எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மறித்தேன். இனி எந்தக் கொம்பன் வருகிறான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

வந்துவிட்டான்.

காலை எட்டு மணிக்குத் தெருப்பக்கம் ஆள் சத்தம் கேட்டது. சத்தம் என்றால் பேச்சு இல்லை, செருமல். பக்கவாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நான் போட்ட நாற்காலிகளில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரர் சட்டைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தார். நடு நாற்காலியில் கிணத்துக்கடவு வேலுச்சாமி மச்சான், சுலோச்சனாவின் பெரியப்பா மகன். மடியில் பெரிய ரோஜா மாலை.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்குங்க மாப்ள. நம்ம கையில என்ன இருக்குது? எப்ப எடுக்கறீங்க?"

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் கண்ணால் வாசலைப் பார்த்தேன். தண்ணீர் தெளிக்காத வாசல். ஒரு வாரமாகக் கோலம் இல்லை. பூட்டிய கேட். ரோட்டோரம் வரிசையாக நாற்காலி. ஆபரேஷன் செய்து கோயமுத்தூரில் கிடக்கிற மனைவி. இதைப் பார்க்கிற எவனும் வேறு என்ன நினைப்பான்? அவளுடைய உடம்பை விசாரிக்க வந்தவர், தெருமுனையிலிருந்து இதைப் பார்த்துவிட்டு, திரும்பக் கடைவீதிக்குப் போய் மாலை வாங்கி வந்திருக்கிறார். போகிற வழியில் நாலு பேருக்குச் சொல்லியும் விட்டார்.

"மச்சான், அவ நல்லா இருக்கறா. உயிரோட இருக்கறா. கல்லுக்கு மருந்து அடிச்சிருக்கேன், காயோணும். அதுக்குத்தான் இதெல்லாம்."

வேலுச்சாமி மச்சான் என்னையே பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, எழுபத்திரண்டு வயது மனிதர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"கல்லுக்காக வாசல எழவூடு மாதிரி போட்டு வெச்சிருக்கறயே, உனக்குக் கூறு இருக்குதா? அந்தப் புள்ள எப்படித்தான் விழுந்துச்சு?"

பாசி என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அடிச்ச பாலீஷ்ல விழுந்தா மச்சான். வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல."

எதிர்வீட்டுக்காரர் துண்டை எடுத்து மடித்தார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மச்சான் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். கோயிலுக்கும் கொடுக்க முடியாது, வீட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. கடைசியில் நானே வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் தென்னை மரத்தடியில் குழி தோண்டி மூடினேன். தலையில் அடிபட்டிருந்தால் இந்த மாலை போன மாதமே வந்திருக்கும். பயந்துவிட்டேன். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. தாரணியின் நம்பர். ஆனால் பேசியது சுலோச்சனா.

"ஏனுங்க, நான் செத்துப் போயிட்டனாமா?"

விழுந்த அன்றிலிருந்து என்னோடு பேசாதவள். நாற்பத்தாறு நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன்.

"கிணத்துக்கடவுல இருந்து மூணு பேரு கூப்புட்டுட்டாங்க. அண்ணி ஒப்பாரியே வெச்சிருச்சு. நானே போன வாங்கி, இன்னும் சாகலைங்கண்ணின்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. வாசல்ல என்னதான் பண்ணி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். நாற்காலி, கயிறு, மாலை எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப என்ன அடிச்சிருக்கீங்க? பளபளன்னா?"

"இல்ல. மங்கல். மணல் போட்டு." பிறகு, எப்படியோ, "சுலோச்சனா, அது பாசி இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள். வைத்துவிட்டாள்.

இத்தனை நாளும் அவள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. கல் காய்ந்துவிட்டது. நாச்சம்மாள் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டாள். மாவு நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பத்தரைக்குக் கார் வந்தது. தாரணி இறங்கி வாக்கரை விரித்து வைத்தாள். சுலோச்சனா மெதுவாகக் காலை ஊன்றி எழுந்தாள். இளைத்திருக்கிறாள். நான் கையை நீட்டினேன். அவள் வாக்கரைத்தான் பிடித்தாள்.

கேட் திறந்திருந்தது. அவள் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். கல்லில் காலை வைக்கவில்லை.

"வாம்மா, காஞ்சுதான் கெடக்குது" என்றாள் தாரணி.

"காஞ்சு கெடந்தா எந்தக் கல்லும் வழுக்காது கண்ணு." என் பக்கம் திரும்பினாள். "தண்ணி ஊத்துங்க."

இரண்டு பக்கெட் கொண்டுவந்து ஊற்றினேன். கேட்டிலிருந்து படி வரைக்கும் நனைந்தது.

"நடங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு படி வரை நடந்து, திரும்பி வந்தேன். கால் பிடித்து நின்றது. சந்தோஷமாக அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அன்னிக்கு நான் நடந்தா வந்தேன்?"

காலி பக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அம்மா, என்னம்மா?" என்றாள் தாரணி.

"உங்கப்பா கார வெளிய நிறுத்திப்போட்டு ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு. நான் அடுப்புல இருந்தேன். மழை வேற. ஒருக்கா அடிச்சாரு, ரெண்டுக்கா அடிச்சாரு, அப்புறம் கையவே எடுக்கல. ஓடியாந்தேன்." பிறகு என்னிடம், சத்தத்தை உயர்த்தாமல், "ஓடுங்க" என்றாள்.

நோட்டில் இத்தனை எழுதியவன் இதை மட்டும் எழுதவில்லை. கேட்டைத் திறக்க வந்தாள் என்றுதான் எழுதினேன். கார்க் கண்ணாடி வழியாக அவள் விழுவதைப் பார்த்தபோதும் என் கை ஹாரன் மேல்தான் இருந்தது.

"அப்பாவுக்கு அறுபத்து நாலு வயசும்மா" என்றாள் தாரணி.

"எனக்கு அம்பத்தொம்பது."

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. நாச்சம்மாள் படியில் நின்றாள். அங்கே போய்த் திரும்பினேன். ஓடினேன். தொப்பை குலுங்க, ஈரத்தில் சளப் சளப்பென்று, படியிலிருந்து கேட்டுக்கு ஓடினேன். விழவில்லை. மூச்சு வாங்கியது. "இன்னொருக்கா" என்றாள். ஓடினேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் நிறுத்தச் சொல்லியிருக்காவிட்டால் சாயங்காலம் வரைக்கும் ஓடியிருப்பேன்.

"போதும்" என்றாள் கடைசியில்.

வாக்கரின் முன்கால் இரண்டையும் கல்லில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"புடிக்காதீங்க. பக்கத்துல வாங்க, போதும்."

பக்கத்தில் நடந்தேன். நடு வழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நானும் நின்றேன். அவள் குனிந்து கல்லைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவளாக நகரும் வரை நின்றோம்.

படிக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு தடவைகூட நான் சீக்கிரம் என்று சொல்லவில்லை.